அளப்பவனின் பங்கு

மதுரை மாநகரத்துக் கல்லூரிகளில், 1881-ஆம் ஆண்டு பசுமலையில் தோன்றிப் பின்னர் வைகையின் வடகரைக்குக் குடிபெயர்ந்த அமெரிக்கன் கல்லூரி முதலாக, 1949-இல் எழுந்த தியாகராசர் கல்லூரி ஈறாக, பௌதிகப் பரிசோதனைச்சாலை எங்கெங்கு உண்டோ அங்கெல்லாம் ஒரு பிற்பகலில் செய்து முடிக்கத்தக்க எளிய சோதனை ஒன்று, சமய நூலோர் பன்னூறு ஆண்டுகளாக வாதித்துவரும் வினாவொன்றின் வாயிலில் நம்மைக் கொண்டுபோய் நிறுத்துகிறது. ஆறு ஈயச் சேமக்கலங்களை அடுக்கி இணைத்தால் பன்னிரண்டு வோல்ட் அழுத்தம் கிடைக்கும். அதனோடு 1000 ஓம் தடை ஒன்றைத் தொடரிணைப்பிலும், அதற்கப்பால் 2000 ஓம் தடைகள் இரண்டை ஒன்றுக்கொன்று பக்க இணைப்பிலும் பூட்டுவோம். பக்க இணைப்பில் நிற்கும் இரண்டும் சேர்ந்து 1000 ஓமுக்குச் சமமாதலின், சுற்றின் மொத்தத் தடை 2000 ஓம். ஓடும் மின்னோட்டம் 6 மில்லி ஆம்பியர். முதல் தடையின் முனைகளுக்கிடையே 6 வோல்ட், இரட்டைத் தடையின் முனைகளுக்கிடையே 6 வோல்ட். இவ்வளவும் காகிதத்தில் வரும் கணக்கு. இனிப் பழைய வோல்ட்மீட்டர் ஒன்றை எடுத்து இரட்டைத் தடையின் குறுக்கே வைத்தால், ஊசி 4-இல் நிற்கிறது. முதல் தடையின் குறுக்கே மாற்றி வைத்தால் அங்கும் 4. மின்கல அடுக்கின் குறுக்கே வைத்தாலோ 12. நான்கும் நான்கும் கூடிப் பன்னிரண்டாவது எங்ஙனம்?

ரெக்கார்டு நோட்டில் 6 என்று எழுதிவிட்டு, மணியடித்ததும் வெளியேறும் சமர்த்தர்கள் எக்காலத்தும் உண்டு. அவர்களைப் பற்றி நமக்குக் கவலையில்லை. கண்டதைக் கண்டபடி 4 என்றே எழுதி, மீதி நான்கு வோல்ட் எங்கே போயிற்று என்று மேசையருகே தயங்கி நிற்கும் மாணவனே நமக்கு உரியவன். கண்ணால் கண்டதைப் பொய்யென்று தள்ளினால் பிரத்தியட்சம் என்னும் பிரமாணமே ஆட்டங்கண்டுவிடும். கணக்கைத் தள்ளினாலோ, 1827-இல் ஜார்ஜ் ஓம் வெளியிட்டு, தம் நாட்டாரால் தொடக்கத்தில் பாராமுகமாகக் கொள்ளப்பட்டு, 1841-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் காப்லி பதக்கத்தால் பெருமை பெற்ற விதியைத் தள்ளியவர்களாவோம். இரண்டையும் விடமுடியாத இக்கட்டிலேதான் தத்துவ விசாரம் பிறக்கிறது.

பௌதிகம் தரும் விடை எளியது. வோல்ட்மீட்டரும் ஒரு தடையே. நாம் எடுத்துக்கொண்ட கருவியின் அகத்தடை 1000 ஓம். அதை இரட்டைத் தடையின் குறுக்கே வைத்த கணத்திலேயே அவ்விடத்துத் தடை 1000 ஓமிலிருந்து 500 ஓமாகக் குறைகிறது. சுற்றின் மொத்தத் தடை 1500 ஓமாகிறது. மின்னோட்டம் 6 மில்லி ஆம்பியரிலிருந்து 8-ஆக ஏறுகிறது. இரட்டைத் தடையின் அழுத்தம் 4 வோல்ட்டுக்கு இறங்க, நாம் பார்த்துக்கொண்டிராத முதல் தடையின் அழுத்தம் 8 வோல்ட்டுக்கு உயர்கிறது. கருவியை அங்கே மாற்றினாலோ ஏற்ற இறக்கமும் இடம் மாறிக்கொள்கிறது. எக்கணத்திலும் மொத்தம் பன்னிரண்டே. நாம் செய்த பிழை, இருவேறு சுற்றுகளில் எடுத்த இரண்டு அளவுகளை ஒரே சுற்றின் அளவுகளாகக் கருதிக் கூட்டியதுதான். ஒரு வீட்டின் அடுப்படி நிலையை விசாரித்துவர வந்த உறவினருக்கும் இலை போட்டாக வேண்டியிருக்க, அவர் வயிறார உண்டெழுந்து பானையை எட்டிப் பார்த்து, இவ்வீட்டில் சோறு குறைவு என்று ஊருக்குப் போய்ச் சொன்னால், அவர் சொன்னது பொய்யன்று. தாம் உண்டதைச் சொல்லவில்லை, அவ்வளவே.

அம்மீட்டரின் கதை வேறு வகை. வோல்ட்மீட்டர் அருகில் நின்று விசாரிப்பது. அம்மீட்டரோ கம்பியை அறுத்து, அறுத்த இரு முனைகளுக்கிடையே தானே வழியாக அமைந்து, ஓடுவதெல்லாம் தன்னூடே ஓடும்படி நின்றாலன்றி எதையும் சொல்லாது. அதனால்தான் முன்னதற்கு மிகப் பெரிய அகத்தடையும் பின்னதற்கு மிகச் சிறிய அகத்தடையும் விதிக்கப்பட்டுள்ளன. இவற்றை மாற்றிப் பூட்டும் புதியவர்கள் ஆண்டுதோறும் உண்டு: அம்மீட்டரைச் சேமக்கலத்தின் குறுக்கே வைத்தவர் கருவியைக் கருக்கிவிடுவார்; வோல்ட்மீட்டரைத் தொடரிணைப்பில் வைத்தவர், அது பத்து லட்சம் ஓம் கொண்ட நல்ல கருவியாயின், சுற்றில் ஓட்டமே ஏறக்குறைய நின்றுபோயிருக்க, அது பன்னிரண்டு வோல்ட்டை ஒட்டிக் காட்டக் கண்டு மகிழ்ந்திருப்பார். முறைப்படி பூட்டினாலும் அம்மீட்டர் தன் பங்கை வாங்காமல் விடுவதில்லை. 100 ஓம் தடையுள்ள மில்லி அம்மீட்டரை நம் 2000 ஓம் கிளைகளுள் ஒன்றில் புகுத்தினால், 3 மில்லி ஆம்பியர் ஓடவேண்டிய அக்கிளையில் ஏறத்தாழ 2.89-ம், கருவி தீண்டாத மறு கிளையில் 3.04-ம் ஓடும். அளக்கப்பட்டவன் இழக்கிறான், அளக்கப்படாத அயலான் பெறுகிறான். வெறும் தொடரிணைப்பில் இந்த அநீதி தோன்றாது. அங்கே குறைந்தால் எல்லார்க்கும் ஒன்றாகக் குறையும். தொடரும் பக்கமும் கலந்த சுற்றிலேதான் ஓரிடத்துக் கேள்வி வேறோரிடத்து நிலையை மாற்றுகிறது. உலகம் அத்தகைய கலப்புச் சுற்று என்று நான் கருதுவதாலேயே இச்சிறு சோதனையை இவ்வளவு விரித்தேன்.

வினா இதுதான்: அறியப்படுவதில் காணப்படும் குணம் அதற்கே உரியதா, அறிபவனுடைய சேர்க்கையால் வந்ததா? மதுரைக்கு இது புதிய வினாவன்று. பரஞ்சோதி முனிவர் பாடிய திருவிளையாடற் புராணத்தில், செண்பக பாண்டியன் தன் தேவியின் கூந்தலில் கமழ்ந்த மணம் இயற்கையோ செயற்கையோ என ஐயுற்றுப் பொற்கிழி தூக்கியதும், வறியவனான தருமிக்கு இறைவன் பாட்டெழுதிக் கொடுத்ததும், அப்பாட்டில் நக்கீரர் குற்றங்கண்டதும், நெற்றிக்கண்ணின் வெம்மை தாளாமல் அவர் பொற்றாமரைக் குளத்தில் வீழ்ந்ததும் விரிகின்றன; அந்தப் பாட்டு இறையனார் பெயரால் குறுந்தொகையில் இரண்டாவதாக நிற்கிறது. 1965-இல் வெளிவந்த ‘திருவிளையாடல்’ திரைப்படத்துக்குப் பின்னர் அந்த வாதம் தமிழ்நாட்டில் குழந்தைக்கும் தெரியும். தெரிவதெல்லாம் புலவரின் அஞ்சாமையும் கடவுளின் கோபமுமே. எதைப் பற்றி வாதிட்டனர் என்பது பின்னே தள்ளப்பட்டுவிட்டது. மணம் கூந்தலின் சொந்தக் குணமா, மலரும் சாந்தும் சேர்ந்ததால் வந்ததா என்பதே சபையின் முன் இருந்த பிரச்சினை. நக்கீரர் சேர்க்கை என்றார். ஊசி காட்டிய 4-ஐப் பற்றி நம் மாணவனும் அதையேதான் சொல்லவேண்டும்.

ஆனால் இங்கே ஒரு படி கீழே இறங்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது. 4 என்பது சேர்க்கையால் வந்தது, 6 என்பதே இயற்கை என்று சொல்லிவிட்டால் முடிந்ததா? மேசைமேல் தனியே கிடக்கும் தடைக்கு அழுத்தம் என்று ஒன்றுமே இல்லை. மின்கல அடுக்கோடு சேர்ந்தும், தனக்கு முன் நிற்கும் தடையோடு சேர்ந்தும், தன் அருகே நிற்கும் தடையோடு சேர்ந்தும் அல்லவா அதற்கு 6 வோல்ட் வாய்த்தது? அருகிருக்கும் இணையைக் கழற்றிவிட்டால் அதே தடை அதே இடத்தில் 8 வோல்ட் தாங்கும். ஆகவே 6-ம் சேர்க்கையே. அறிபவனோடு நேர்ந்த சேர்க்கையன்று, அயலாரோடு நேர்ந்த சேர்க்கை என்ற ஒரே வேற்றுமைதான். தடைக்குத் தனக்கே உரியதென்று சொல்லத்தக்கது அதன் ஓம் அளவு ஒன்று. அதுவும் வெப்பத்தால் மாறுவது. மதுரைக் கூலவாணிகன் சாத்தனார் தம் மணிமேகலையின் இறுதிக் காதைகளில் விரித்துரைக்கும் பௌத்தக் கோட்பாடு, எதுவும் பிறவற்றைச் சார்ந்தே தோன்றும் என்பது, சுற்றின் அழுத்தங்களுக்கு ஒரு சொல்லும் மாற்றாமல் பொருந்துகிறது. எனவே இயற்கையா செயற்கையா என்ற பாண்டியனின் வினாவைச் சற்றே திருத்திக்கொள்வோம்: நான் கேளாதபோது இருந்த சேர்க்கை எது, நான் கேட்டதால் நேர்ந்த சேர்க்கை எது?

அது அறியவே முடியாதது என்பார் ஒரு சாரார். சுற்றுகளின் விதிகளை, அதாவது ஒரு சந்தியில் வந்து சேரும் ஓட்டமும் பிரிந்து செல்லும் ஓட்டமும் சமம் என்பதையும், மூடிய வளையம் ஒன்றில் ஏறிய அழுத்தமும் இறங்கிய அழுத்தமும் சமம் என்பதையும், 1845-இல் வகுத்துத் தந்த குஸ்தாவ் கிர்க்காஃப் அப்போது 21 வயது மாணவர்; அவர் பயின்ற கோனிக்ஸ்பர்க் பல்கலைக்கழகத்திலேயேதான், 1804-இல் மறைந்த இம்மானுவேல் கான்ட், பொருளை அதன் தன்னளவில் அறிதல் மனித அறிவுக்குக் கூடாதது என்னும் தத்துவத்தைப் போதித்திருந்தார். ஒரே ஊர் இவ்விருவரையும் பெற்றது தற்செயலேயாயினும் சிந்தனைக்கு இனியது. கான்ட் சொன்னது கருவிகளைப் பற்றியதன்று. அதைக் கருவிகளின் மேல் ஏற்றி, ஊசி காட்டுவதெல்லாம் ஊசியைப் பற்றியதே என்று பேசுவோர் அவரை நுனிப்புல் மேய்ந்தவர்கள். எனினும் அவர்கள் எழுப்பும் ஐயம் ஐயமே: 6 வோல்ட்டை எந்தக் கண் கண்டது?

இன்னொரு சாராரின் விடை நம் ஊர்ப்புறத்துக் குன்றுகளிலேயே கிடைக்கிறது. கீழக்குயில்குடிச் சமணர்மலையின் செட்டிப்பொடவிலும் பேச்சிப்பள்ளத்திலும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தீர்த்தங்கரர் உருவங்களைச் செதுக்கி வட்டெழுத்தில் பெயர் பொறித்துச் சென்றவர்களின் மரபு, எந்தக் கூற்றும் ஒரு நோக்கிலிருந்து மெய், அந்நோக்கைச் சொல்லாது விட்டால் குறை என்று கற்பிக்கிறது. 1000 ஓம் கருவி சேர்ந்தவிடத்து 4. 2000 ஓம் சேர்ந்தவிடத்து வேறு. பத்து லட்சம் ஓம் சேர்ந்தவிடத்து 5.997. மூன்றும் மெய், ஒவ்வொன்றும் தன் நிபந்தனையோடு மெய். அநேகாந்தம் என்னும் இந்த நிதானத்தை நான் மதிக்கிறேன். தம் கூற்றுக்கு முன்னே ‘ஒருவாற்றான்’ என்று சேர்த்துச் சொல்லும் வழக்கம் நம் மேடைகளுக்கு வந்தால் பாதிச் சண்டை குறையும். ஆயினும் அது என் வினாவை முற்றும் தீர்க்கவில்லை. பல நோக்குகளையும் வரிசையாக வைத்தால் போதுமா? அவ்வரிசை எங்கே போய் முடிகிறது என்று கேட்கவேண்டாமா?

கேட்டுப் பார்ப்போம். முதல் அளவை அப்படியே வைத்துக்கொண்டு, இரண்டாம் முறை தடைப்பெட்டியிலிருந்து 1000 ஓம் எடுத்து வோல்ட்மீட்டரோடு தொடரில் சேர்த்துவிட்டால், சுற்றைத் தீண்டும் தடை 2000 ஓமாகிறது, ஊசி 2.4 காட்டும், பாதி அழுத்தத்தைச் சேர்த்த தடை வாங்கிக்கொண்டதால் இரட்டித்து 4.8 என்று கொள்ளவேண்டும். இப்போது கையில் இரண்டு எண்கள் உள்ளன, 4-ம் 4.8-ம், இரண்டும் பிழை. இவற்றைத் தலைகீழாக்கினால் முன்னது 24-இல் 6 பங்கு, பின்னது 24-இல் 5 பங்கு. கருவி சுற்றைத் தீண்டிய தீண்டல், அதன் கடத்துதிறன், முதல் முறை ஒன்று என்றால் இரண்டாம் முறை அரை. தீண்டலில் அரை குறைந்ததற்கு ஆறு ஐந்தாயிற்று; எஞ்சிய அரையும் நீங்கினால், ஓம் விதிப்படி ஐந்து நான்காக வேண்டும். 24-இல் 4 பங்கைத் தலைகீழாக்குக: 6 வோல்ட். எந்த ஊசியும் காட்டாத எண், இரண்டு பிழையான ஊசிக்குறிகளிலிருந்து பிசகாமல் வெளிவந்துவிட்டது. முதல் தடையின் குறுக்கே இதே போல் செய்தாலும் 6. ஆறும் ஆறும் பன்னிரண்டு.

நம் தர்க்க நூலோர் பிரமாணங்களை எண்ணியதில் வேற்றுமை உண்டு. மணிமேகலையில் வைதிகவாதி பத்து என்கிறான். பௌத்தர்க்குக் காட்சியும் கருத்தும் ஆகிய இரண்டே. அருணந்தி சிவாசாரியர் தம் சிவஞான சித்தியாரை அளவைப் பகுதியோடு தொடங்கி, பலவற்றையும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றில் அடக்குகிறார். கடவுளைப் பற்றிய நூல் கடவுள் வாழ்த்து முடிந்ததும் எப்படி அறிகிறோம் என்ற ஆராய்ச்சியில் இறங்குவது இக்காலத்துச் சமயச் சொற்பொழிவாளர் பலருக்கு வியப்பாயிருக்கும், கேட்பவர்களுக்கு அதைவிட. நம் சோதனையில் மூன்றும் வேலை செய்தன. ஊசியைப் பார்த்தது காண்டல். இரண்டு ஊசிக்குறிகளிலிருந்து ஊசியில்லாத நிலைக்குப் போனது கருதல். உரை எங்கே? கருவியின் முகப்பில் ‘1000 ஓம்’ என்று அச்சிட்டிருந்ததை ஒரு சொல்லும் பேசாமல் நம்பினோமே, அங்கே. செய்தவன் சொன்ன சொல் அது. அந்தச் சொல் இல்லையேல் தீண்டல் ஒன்று, அரை என்று பங்கிட்டிருக்கவே முடியாது.

அச்சொல்லையும் சோதிக்கலாம், வேறொரு கருவி வேண்டும், அதன் முகப்பிலும் ஒரு சொல் இருக்கும். இப்படிப் போய்க்கொண்டே இருப்பதைத்தான் நம் நூலோர் அநவஸ்தை என்ற குற்றமாகச் சொல்வர். மதுரைக் கல்லூரிக் கருவியின் சொல்லைத் தாங்குவது அதைவிட நுட்பமான கருவி, அதைத் தாங்குவது டில்லியிலுள்ள தேசியப் பௌதிக ஆய்வகம், அதைத் தாங்குவது உலக நாடுகள் கூடிச் செய்த ஒப்பந்தம். வினாடிக்கு 1.118 மில்லிகிராம் வெள்ளியைப் படியவைக்கும் ஓட்டமே ஓர் ஆம்பியர் என்று 1908-இல் வைத்துக்கொண்டார்கள். 1948-இல் இணையான இரு கம்பிகளுக்கிடையே எழும் விசையால் வரையறுத்தார்கள். 2019 மே 20 முதல் எலெக்ட்ரானின் மின்னூட்டத்துக்கு ஓர் எண்ணை நிலையாக விதித்து, அதிலிருந்து ஆம்பியரைப் பெறுகிறார்கள். அளந்தளந்து சென்ற சங்கிலி, இனி அளக்கப்போவதில்லை என்று தீர்மானித்த ஓர் எண்ணில் போய் முடிகிறது. சைவர்க்கு அநவஸ்தை நிற்குமிடம் இறைவன் அருளிய ஆகமம். பௌதிகர்க்கு நிற்குமிடம் மாநாட்டின் தீர்மானம். முன்னது மாறாதது என்று கொள்ளப்படுவது; பின்னதை இன்னொரு மாநாடு மாற்றலாம். இரண்டும் ஒன்றே என்று பேசுவோர் இரண்டுக்கும் தீங்கிழைக்கிறார்கள். ஆனால் உரையை அடியோடு விலக்கி, கண்டதை மட்டுமே நம்புவேன் என்று மார்தட்டுபவர், தம் மேசைமேல் இருக்கும் வோல்ட்மீட்டரின் முகப்பை ஒருமுறை படித்துப் பார்ப்பது நல்லது.

கருதல் நம்மைத் தீண்டாத நிலைக்குக் கொண்டுசென்றது என்றேன். அப்படியானால், எதையும் தீண்டாமல் எல்லாவற்றையும் காணும் சாக்ஷி ஒன்று உண்டென்றும், அதுவே நம் உண்மைச் சொரூபம் என்றும் ஏகான்மவாதிகள் கூறுவது இதனால் நிலைபெறுகிறதா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. சுற்றிலிருந்து ஒன்றுமே வாங்காத வோல்ட்மீட்டர் செய்ய முடியுமானால், அதன் சுருளில் ஓட்டம் இராது; ஓட்டம் இல்லாவிடில் ஊசி நகராது. ஊசியை அசைப்பது வாங்கிய பங்குதான். வாங்குவதைக் குறைக்கலாம், குறைத்ததைக் கணக்கில் எழுதலாம், கணக்கின் வழியே வாங்காத நிலையை அறியலாம், வாங்காமலே பார்த்தேன் என்று மட்டும் சொல்ல முடியாது. ஆணவம் என்னும் மலம் முத்தியிலும் அழிந்தொழிவதில்லை, அதன் சக்தி ஒடுங்குவதே நிகழ்கிறது என்று சித்தாந்திகள் வற்புறுத்துவதும், அறியும் உயிர் அங்கே இல்லாமற்போவதில்லை என்று அவர்கள் பிடிவாதம் செய்வதும், வேதாந்த வாதிகளுக்குக் கஞ்சத்தனமாகத் தோன்றலாம். பரிசோதனைச்சாலையில் நின்று பார்க்கும்போது அது கஞ்சத்தனமாகத் தெரியவில்லை.

எனினும் இந்த ஒப்புமையை இழுத்துக்கொண்டே போகலாகாது. சுற்றில் இரு பக்கமும் மாறுகின்றன: அளக்கப்பட்டது இறங்குகிறது, அளந்தவன் ஊசி ஏறுகிறது. சித்தாந்தத்தில் கடவுள் நிர்விகாரி. நாம் அறிந்ததால் அவனிடத்து ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. மாற்றமெல்லாம் சார்ந்ததன் வண்ணமாகும் உயிரின் பக்கமே. உயிர்களோடும் உலகோடும் வைத்து அவனை ஐந்தொழில் செய்பவனாகக் கூறுவது தடத்த இலக்கணம். எதனோடும் வைக்காது அவன் தன்மையைக் கூறுவது சொரூப இலக்கணம். முன்னதிலிருந்து பின்னதற்கு இரண்டு ஊசிக்குறிகளும் ஒரு பின்னக்கணக்கும் கொண்டு போய்விடலாம் என்று நான் சொல்லத் துணியேன். அங்கே கருதலுக்கு எல்லை உண்டு. நக்கீரர் வழுவியதும் இவ்விடத்தேதான் என்பது என் கருத்து. மானிட மகளிர் கூந்தலைப் பற்றி அவர் சொன்னது நல்ல அநுமானம். அதைத் தெய்வ மகளிர்க்கும், தாம் வழிபடும் காளத்தியின் ஞானப்பூங்கோதைக்கும் நீட்டியபோது, தாம் எந்தக் கருவியும் கொண்டுசெல்லாத இடத்துக்கு அளவு சொல்லிவிட்டார். அவருடைய அஞ்சாமையைப் பாராட்டுவோர் இந்தத் தாவலையும் சேர்த்துப் பாராட்ட வேண்டுமென்பதில்லை.

இனி, கருவியின் பங்கைக் குறைத்துக் குறைத்துச் செல்லும் வழியல்லாமல் முற்றும் வேறான ஒரு வழியும் பௌதிகத்தில் உண்டு. 1841-இல் பொக்கன்டார்ஃப் வெளியிட்ட முறையில் அமைந்த மின்னழுத்தமானியை நம் கல்லூரிகளில் பத்து மீட்டர் கம்பியாக மரப்பலகையின் மேல் வரிசை வரிசையாக இழுத்துக் கட்டியிருப்பார்கள். சோதிக்கவேண்டிய மின்கலத்துக்கு எதிரே, நம் சொந்தச் சேமக்கலம் தரும் அழுத்தத்தைக் கம்பியின் நீளத்தால் கூட்டியும் குறைத்தும் நிறுத்த, இரண்டும் சமமாகும் புள்ளியில் கால்வனோமீட்டரின் ஊசி சுழியில் நிற்கும். அக்கணத்தில் மின்கலத்திலிருந்து ஒரு துளி ஓட்டமும் எடுக்கப்படுவதில்லை. எந்த வோல்ட்மீட்டரும் உள்ளபடி காட்டாத அதன் மின்னியக்கு விசை அங்கே வெளிப்படுகிறது. கிறிஸ்டி 1833-இல் சொல்லி, வீட்ஸ்டன் 1843-இல் பரப்பிய சமனச்சுற்றும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. பள்ளி மாணவர் மேல்நிலை வகுப்பில் தொடரிணைப்பு, பக்க இணைப்பு விதிகளை ஒரு மீட்டர் கம்பியில் சரிபார்ப்பது அதனால்தான். ஒன்றும் வாங்காத கருவி ஒன்றும் காட்டாது என்று முன்னர்ச் சொன்னது இங்கேயும் பொய்க்கவில்லை. கால்வனோமீட்டர் ஒன்றும் காட்டவில்லை. அறிவு கம்பியின் மேல் நகர்த்தும் தொடுசாவி நிற்கும் இடத்தில் இருக்கிறது. அதற்குக் கொடுத்த விலை, அறிபவன் தன்னிடமிருந்து சமமான ஒன்றை எதிரே கொண்டுவந்து வைத்தது. இருவினையொப்பு என்று சித்தாந்திகள் சொல்வதை நல்வினையும் தீவினையும் எடையில் ஒத்துவிடுதல் என்று கொள்ளாமல், இரண்டின் பயன்களிடத்தும் ஒருபடித்தான மனநிலை என்று கொள்வோர், கால்வனோமீட்டரின் சுழியை எளிதில் விளங்கிக்கொள்வர்: மின்சாரம் இல்லாமையால் வந்த சுழியன்று அது, கம்பியில் ஓட்டம் ஓடிக்கொண்டேயிருக்க, ஊசி எந்தப் பக்கமும் சாயாமையால் வந்தது.

இந்தச் சுழியில் ஓர் அபாயம் உண்டு. கம்பி எங்கேனும் அறுந்திருந்தாலும், முனைத்திருகு தளர்ந்திருந்தாலும், செருகுசாவி செருகப்படாமலே இருந்தாலும் ஊசி அதே சுழியில் அதே அமைதியோடு நிற்கும். கண்ணுக்கு இரண்டு சுழியும் ஒன்றே. ஆகவே பழகிய ஆசிரியர்கள் சமன்புள்ளியைத் தேடவிடுவதற்கு முன், தொடுசாவியைக் கம்பியின் ஒரு கோடியில் ஒருமுறையும் மறு கோடியில் ஒருமுறையும் அழுத்தச் சொல்வார்கள். முதல் அழுத்தத்தில் ஊசி இடப்பக்கமும் இரண்டாவதில் வலப்பக்கமும் பாயவேண்டும். எதிரெதிர் விலகல் வந்தால்தான் இடையே எங்கோ ஒரு மெய்யான சுழி உண்டென்று பொருள். உயிரின் நிலைகளை மூன்றாக வகுத்த சைவர்கள், ஆணவத்தால் முழுதும் மூடப்பட்டு அறிவும் செயலுமின்றிக் கிடப்பதைக் கேவலம் என்றும், உடலும் கருவிகளும் பெற்று இன்பத்துக்கும் துன்பத்துக்குமாக அலைவதைச் சகலம் என்றும், அலைச்சல் ஓய்ந்து அருளில் நிற்பதைச் சுத்தம் என்றும் பெயரிட்டனர். கேவலத்துக்கும் சுத்தத்துக்கும் வெளித்தோற்றத்தில் வேற்றுமை காண்பது அரிது, இரண்டிலும் சலனமில்லை. கேவலத்திலிருந்து நேரே சுத்தத்துக்குப் பாதையுமில்லை, சகலத்தின் வழியாகவே போகவேண்டும் என்பது அவர்கள் துணிபு. சும்மாவிருப்பதாகச் சொல்லிக்கொள்ளும் சாமியார்களிடம் மக்கள் இந்த எதிரெதிர் விலகலைக் கேட்டுப் பார்க்கும் வழக்கமில்லை. பரிசோதனைச்சாலையில் கேட்கிறார்கள்: இரண்டு கோடியிலும் ஊசி ஒரே பக்கம் பாய்ந்தால், சாவியைப் பத்து மீட்டரும் நகர்த்தினாலும் சமன்புள்ளி கிடைக்கப்போவதில்லை, முனைகள் மாறிப் பூட்டப்பட்டிருக்கின்றன அல்லது சேமக்கலம் வலுவிழந்திருக்கிறது என்று பொருள், இணைப்புகளை அவிழ்த்து முதலிலிருந்து பூட்டச் சொல்லி ஆசிரியர் அடுத்த மேசைக்குப் போய்விடுவார்.